நோகாத புண்

மணிகண்டன் கட்டிக் கொடுத்த பெட்டியில் மைலோ டின்கள், தைலப் புட்டிகள், அவன் அம்மாவின் முழங்காலில் ஒட்டப் பிளாஸ்திரி, மனைவிக்கு ஒரு பூப்போட்ட கைலி, எதற்கென்றே தெரியாமல் ஒரு சுவர்க்கடிகாரம் எல்லாம் இருந்தன. மலேசியாவில், சுங்கை பட்டாணியில் நானும் அவனும் ஒரே சாப்பாட்டுக் கடையில் வேலை. அவன் அடுப்பில், நான் பாத்திரம் கழுவும் இடத்தில். வழக்கம்போல் வேலையை விட்டுவிட்டு எங்காவது சுற்றப் போகிறேன் என்று நான் சொன்னதும், "மொதல்ல எங்க வீட்டுல இத குடு. அப்புறம் நீ எங்க வேணும்னாலும் போ" என்று பெட்டியைத் தலையில் கட்டிவிட்டான். அவன் வீடு கன்னியாகுமரிப் பக்கம், குலசேகரத்துக்கு மேலே, ரப்பர் மரங்களுக்கு நடுவில். அவனுக்கு விடுப்புக் கிடைக்க இன்னும் நெடுநாள் இருந்தது.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். கெடாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தேன். மீசை முளைக்கும் முன்பே பால் மரம் வெட்டினேன். தோட்டத்தை அழித்து எண்ணெய்க்காகச் செம்பனை நட்ட பிறகு லாரி, மீன் படகு, சந்தை மூட்டை என்று கிடைத்ததைச் செய்தேன். தமிழ்நாட்டுக்கு ஏற்கெனவே வந்திருக்கிறேன். கோயில் கோபுரங்களும் வெயிலும்தான் எனக்குத் தெரிந்த தமிழ்நாடு. ரப்பர் மரம் அதில் இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

மார்த்தாண்டத்தில் இறங்கிப் பசியாறினேன். கொட்டை கொட்டையாகச் சிவப்பரிசிச் சோறு, புளி தூக்கலான மீன் குழம்பு, பக்கத்தில் மசித்த மரச்சீனிக் கிழங்கு. மரவள்ளியைத்தான் இங்கே மரச்சீனி என்கிறார்கள். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அதைக் கையால் தொடமாட்டார்கள். ஜப்பான்காரன் காலத்தில் அதை மட்டுமே தின்று உயிர் பிழைத்த அலுப்பு அவர்களுக்கு. இங்கே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடை தேடி வந்து தின்கிறார்கள்.

"இன்னும் கொஞ்சம் கெழங்கு வைக்கட்டா அண்ணாச்சி? எந்த ஊரு நமக்கு?" என்று கேட்டார் பரிமாறியவர்.

"மலேசியா."

"அங்க கெழங்கு உண்டா?"

"உண்டு. யாரும் திங்கமாட்டாங்க."

"பின்ன என்ன நாடு அது" என்று சொல்லிவிட்டு, பாவம் பார்த்து இன்னொரு கரண்டி வைத்தார்.

பேருந்தில் ஏறிய சிறிது நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் பாதியில் நின்றுபோனது. நடத்துனர் முன்படியில் தொங்கியபடி ஒரு பழந்துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். ஓட்டுநர் அவரைப் பார்த்து, "கொஞ்சம் இந்தப் பக்கமும் தொடலே, நான் எந்தப் பக்கம் பாத்தாக்கும் ஓட்டணும்?" என்றார். எவரும் பதறவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

நான் இறங்கியபோது மழை விட்டிருந்தது. முக்கில் இருந்த சாயாக்கடைக்காரரிடம் வழி கேட்டேன். "ரோட்டு வழி போனா சுத்து. வாத்தியாருக்க விளைக்குள்ள ஏறி அந்தப் பக்கம் எறங்கினா மணிகண்டனுக்க வீடு" என்றார். விளை என்றால் இங்கே தோட்ட நிலம். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சட்டுன்னு நடந்து போயிரும். எடையில நிக்காண்டாம்" என்றார். ஏன் என்று கேட்டேன். "சும்மா பறஞ்சேன்" என்று பால் சட்டியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

கேட்டதாலோ என்னவோ, நடுவில் நின்றேன்.

யாரும் பால் வெட்டாமல் கைவிட்ட ரப்பர் தோட்டம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் இது வேறு மாதிரி இருந்தது. மழைத் தண்ணீர் வெட்டுவாயில் இறங்காமல் இருக்க இங்கே ஒவ்வொரு மரத்துக்கும் இடுப்பில் பிளாஸ்டிக் தாளைப் பாவாடை போலச் சுற்றிக் கட்டுகிறார்கள். அந்தப் பாவாடைகள் கிழிந்து, கறுத்து, இன்னும் மரங்களில் இருந்தன. வரிசை வரிசையாக. காற்று வந்தபோது எல்லாம் ஒரே நேரத்தில் அசைந்தன, நின்றன. பால் பிடிக்கும் சிரட்டைகளில் மழைத் தண்ணீர் நிறைந்து அப்படியே இருந்தது. புல்லும் புதரும் என் இடுப்பு வரை வளர்ந்து ஈரமாக உரசின. அத்தனை பசுமையில் ஒரு பறவைச் சத்தம் இல்லை. புல்லுக்கடியில் மட்டும் என்னவோ சரசரவென்று ஓடியது. எலியாக இருக்கும் என்று நினைத்தேன். நடையைக் கூட்டினேன்.

மணிகண்டனின் அம்மா செல்லம்மை வாசலில் ரப்பர் ஷீட்டுகளைக் கொடியில் மாட்டிக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். ஒரு பக்கமாகச் சாய்ந்த நடை. பெட்டியைப் பார்த்ததும் யாரென்று புரிந்துகொண்டார். "வா மக்கா. வெள்ளம் குடிக்கியா?" என்றார். இங்கே தண்ணீரை வெள்ளம் என்கிறார்கள். எங்கள் ஊரில் வெள்ளம் என்றால் கூரை மேல் ஏறி உட்காரவேண்டும்.

உள்ளே கட்டிலில் மணிகண்டனின் மனைவி பிரேமா மூன்று போர்வைக்குள் கிடந்தார். கண்கள் சிவந்து, உதடு வெடித்திருந்தது. ஒரு வாரத்துக்கும் மேலாகக் காய்ச்சல். பக்கத்து ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்து, டெங்கு இல்லை, வைரல் காய்ச்சல்தான் என்று மாத்திரை கொடுத்து, குளுக்கோஸ் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். மாத்திரை போட்டால் வியர்த்து இறங்கும். சாயங்காலம் திரும்ப ஏறும்.

"அண்ணே, அவியட்ட பறையாதீங்க" என்றார் பிரேமா. அவிய என்றது மணிகண்டனை. "கேட்டா வேலைய போட்டுட்டு வந்து நிப்பாவ. பாஸ்போர்ட்டு மொதலாளிக்க கையிலயாக்கும் இருக்கு. தகராறு பண்ணி பின்ன போவ முடியாம ஆயிரும்."

அன்று சாயங்காலம் மணிகண்டன் வீடியோவில் வந்தான். பிரேமா போர்வையை உதறிவிட்டு எழுந்து, முகம் கழுவி, பொட்டு வைத்து, கடிகாரத்தைக் கையில் பிடித்துக் காட்டிச் சிரித்தார். அவன் அழைப்பைத் துண்டித்ததும் சுவரைப் பிடித்தபடி கட்டிலுக்குப் போனார். நான் அவர் சொன்னபடியே வாயை மூடிக்கொண்டேன்.

நான் மறுநாள் கிளம்புவதாக இருந்தது. விடியற்காலையில் செல்லம்மை தனியாகக் கத்தியும் வாளியுமாக மரத்துக்குப் போவதைப் பார்த்தேன். வெட்டுவது பிரேமாவின் வேலை. முழங்கால் பிளாஸ்திரியோடு இவர் போகிறார். பையை இறக்கிவைத்துவிட்டுப் பின்னால் போனேன். கத்தியை வாங்கி ஒரு மரத்தை வெட்டிக் காட்டினேன். பட்டையில் கோடு இறங்கியதும் பால் கசிந்து ஓடியது. கை மறக்கவில்லை.

"ஓ, உனக்கு இது தெரியுமா? மணிகண்டன் பறஞ்சான், பாத்திரம் கழுவ மட்டுந்தான் தெரியும்னு" என்றார்.

"அவன் வச்ச சட்டிய கழுவினா வேற எதுக்கும் நேரம் இருக்காது" என்றேன். முதல்முறையாகச் சிரித்தார்.

வெயில் ஏறிய பிறகு பாலைத் தட்டுகளில் ஊற்றி ஆசிட் கலந்து உறையவைத்தோம். உறைந்ததை ரோலரில் கொடுத்துச் சுற்றினால் தண்ணீர் பிதுங்கி ஷீட்டாக வரும். அந்த ரோலர் சுற்றும்போது ஒரு கிரீச்சுச் சத்தம் போட்டது. எண்ணெய் விட்டும் போகவில்லை என்றார் செல்லம்மை. அவருடைய முன்கை முழுக்கக் கறுப்புப் பொட்டுகள், ஆசிட் தெறித்தவை. என் கணுக்காலிலும் ஒன்று உண்டு. காட்டினேன். ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்களைப் போல இருவரும் பார்த்துக்கொண்டோம்.

"பிரேமாவும் வயித்துல தெறிக்க விட்டு வச்சிருக்கா. பாவாட நாடா கெட்டுற எடத்துல, ஒரு கறுத்த பொருக்கு. பாத்து ஊத்துட்டின்னா கேக்கமாட்டா" என்றார்.

நானும் தலையாட்டினேன். இந்த வேலை செய்கிறவர் உடம்பில் கறுத்த பொருக்கு இருந்தால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

மத்தியானம் மரச்சீனியும் மத்திக் குழம்பும். பிரேமாவுக்குக் கஞ்சி. இரண்டு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளினார். பிறகு வாசல் பக்கம் தலையைத் திருப்பி, "மாமி, இந்நேரத்துல யாரு ஷீட்டு அடிக்கது?" என்று கேட்டார்.

நாங்கள் இருவரும் உள்ளேதான் இருந்தோம். ரோலர் வெளியே சும்மா நின்றது. அதன் பிடியில் ஒரு காகம் உட்கார்ந்திருந்தது.

"யாரும் இல்ல ஏட்டி. ஒறங்கு."

"கிரீச் கிரீச்னு கேக்குது. நிக்கவே மாட்டேங்குது."

செல்லம்மையின் முகம் மாறிப்போனது. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். நான் பின்னால் போனபோது கிணற்றடியில் நின்று அடுத்த வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டு நிலத்தின் மூலையில், வாத்தியார் விளையை ஒட்டி, புதிய மண் மேடு ஒன்று இருந்தது.

"அது வசந்தா. ராஜமணிக்க பெண்டாட்டி" என்றார். "அய்யா வழிக்காரங்க. அவிய எரிக்க மாட்டாவ. குளிப்பிச்சு, நெத்தியில நாமம் போட்டு, வடக்கு பாத்து உக்கார வச்சு அடக்குவாவ. நானும் ரெண்டு பொம்பளைகளும்தான் குளிப்பிச்சோம். அவளும் இப்பிடித்தான் காய்ச்சல்ல கெடந்தா. கடைசியில யாரோ தையல் மெசின் ஓட்டுகான்னு சொல்லிட்டே இருந்தா. அவளுக்க மெசின ராஜமணி துணி போட்டு மூடி வச்சிருந்தான்."

பிறகு குரலைத் தாழ்த்தி, "அவளுக்கு பிரேமான்னா உயிரு. ரெண்டுபேரும் எங்க போனாலும் சேந்துதான் போவாளுவ. அவ இவள விளிக்கா மக்கா" என்றார்.

எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் பெரிய நம்பிக்கையும் இல்லை, தைரியமும் இல்லை. அந்த மேட்டைப் பார்த்தேன். அதற்குள் ஒருத்தி வடக்கைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்ததும் பார்வையை எடுத்துக்கொண்டேன். இந்த வீடு அவளுக்கு வடக்கே இருந்தது.

செல்லம்மை கோயிலில் மந்திரித்த கயிறு வாங்கி வந்து பிரேமாவின் கையில் கட்டினார். அன்று பொழுது சாயும்போது பிரேமாவுக்கு மூச்சு வேகமாக வாங்கத் தொடங்கியது. என்னைப் பார்த்து, "எப்போ வந்திய? சாப்பிட்டியளா?" என்று கணவனிடம் பேசுவது போலப் பேசினார். மணிகண்டனின் அழைப்பு வந்தபோது யாரும் எடுக்கவில்லை. எடுக்காத அந்த போன் கட்டிலின் மேல் அதிர்ந்து அதிர்ந்து நின்றதை நான் மறக்கமாட்டேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் சொன்னேன். செல்லம்மை மறுக்கவில்லை.

ஆட்டோ விடிந்துதான் கிடைத்தது. பிரேமாவை நடுவில் உட்காரவைத்து இருபுறமும் பிடித்துக்கொண்டோம். கொஞ்ச தூரம் போனதும் ரப்பர்த் தடி ஏற்றிய லாரி ஒன்று வளைவில் சேற்றில் புதைந்து பாதையை அடைத்து நின்றது. ஓட்டுநர் இறங்கிப்போய் லாரிக்காரனிடம் சத்தம் போட்டார். லாரிக்காரன் நிதானமாகச் சக்கரத்துக்கடியில் கல் வைத்துக்கொண்டே, "நான் என்ன, வேணும்னேயா நிக்கேன்?" என்றான். ஆட்டோவுக்குள் பிரேமாவின் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

சும்மா இருக்க முடியாமல் செல்லம்மை பேசினார். யாரிடம் என்றில்லாமல் பேசினார். "வசந்தாவயும் இந்த ரோட்டுலதான் கொண்டு போனோம். வழியிலயே போயிட்டா. குளிப்பிக்கும்போ பாத்தேன், எல்லும் தோலுமா இருந்தா. இவளப் போலத்தான் அவளுக்கும், கக்கத்துல ஒரு ஆசிட்டுப் புண்ணு. மஞ்சள் தேச்சும் அந்தக் கறுப்பு போவல்ல."

"அவங்களும் பால் வெட்டுவாங்களா?" என்று கேட்டேன். பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"யாரு, வசந்தாவா? அவ தையல்காரில்லா. ரப்பர் பால் மணம் பட்டாலே ஓக்காளிப்பா. ஒரு நாளும் ஷீட்டு அடிச்சதில்ல."

சொல்லிவிட்டு நிறுத்தினார். அவருடைய வாய் கொஞ்சம் திறந்தபடியே இருந்தது. ஆசிட்டைத் தொட்டே அறியாதவளின் கக்கத்தில் ஆசிட் எப்படிப் போகும்? பிரேமாவின் தலை என் தோளில் சாய்ந்திருந்தது. செல்லம்மை மெல்லக் கையை நீட்டி, மருமகளின் இடுப்பில் சேலைக்கு மேல் அந்த இடத்தைத் தொட்டார்.

"ஏட்டி. இது நோவுதா?"

பிரேமா இல்லை என்று தலையசைத்தார்.

"ஆசிட்டு பட்டா நோவுமே" என்றார் செல்லம்மை என்னைப் பார்த்து. "எனக்கு எல்லாம் நொந்துச்சே."

லாரி அசைந்து வழிவிட்டது.

அவசரப் பிரிவில் ஓர் இளம் பெண் மருத்துவர் இருந்தார். கேள்விகளை அடுக்கினார். எத்தனை நாளாகக் காய்ச்சல், வாந்தி உண்டா, என்ன வேலை, தோட்டத்துக்குப் போவீர்களா, புல் அறுப்பீர்களா. பிறகு, "உடம்புல எங்கயாவது கறுப்பா, சிகரெட்டால சுட்ட மாதிரி புண் இருக்கா?" என்றார்.

"இல்ல டாக்டர்" என்றார் பிரேமா. கண்ணைத் திறக்காமலே.

"உண்டு" என்றார் செல்லம்மை. "அவளுக்குத் தெரியாது. ஆசிட்டு பட்டதுன்னு நாங்க எல்லாரும் நெனச்சிட்டு இருந்தோம்."

மருத்துவர் அவரை ஒரு கணம் பார்த்துவிட்டுத் திரையை இழுத்தார். திரைக்குப் பின்னால் நாடா அவிழ்க்கும் சத்தம் கேட்டது. பிறகு மருத்துவர் வெளியே வந்து அங்கிருந்த இன்னொரு டாக்டரிடம், "வந்து பாருங்க, நல்லா தெளிவா இருக்கு" என்றார். நர்ஸிடம் மருந்தின் பெயரைச் சொல்லி உடனே ஏற்றச் சொன்னார். ரத்தப் பரிசோதனை முடிவு வரட்டுமே என்று நர்ஸ் கேட்டதற்கு, "அது வரட்டும். மருந்து காத்திருக்க வேண்டாம்" என்றார்.

அவர் எங்களுக்கு விளக்கியது இவ்வளவுதான். இதற்கு உண்ணிக் காய்ச்சல் என்று பெயர். ஸ்க்ரப் டைபஸ் என்றும் சொல்வார்கள். புல்லிலும் புதரிலும் இருக்கும் ஒரு பூச்சியின் குஞ்சு கடிப்பதால் வருகிறது. மிளகாய்ப் பொடியில் ஒரு துகள் அளவுதான் அந்தக் குஞ்சு. எலியின் மேல் வாழும். எலி இல்லாவிட்டால் புல் நுனியில் ஏறி, உடம்புச் சூடுள்ள ஏதாவது அந்த வழியாக வரும்வரை இருக்கும். உடுப்பு இறுக்கிப் பிடிக்கும் இடமாகப் பார்த்துக் கடிக்கும். இடுப்பு, கக்கம், தொடை இடுக்கு. கடிப்பதும் தெரியாது, புண்ணும் நோகாது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. முன்பே கண்டுபிடித்தால் சாதாரண மாத்திரையிலேயே போய்விடும். தாமதித்தால் நுரையீரல், மூளை என்று ஏறும். பிரேமாவுக்கு நுரையீரலில் ஏறியிருந்தது.

"புதுசா வந்த நோயா?" என்று கேட்டேன்.

"ரொம்பப் பழசு. நடுவுல கொஞ்ச காலம் அவ்வளவா பாக்கல, டாக்டர்களுக்கே ஞாபகத்துல இல்லாம போச்சு. இப்போ மழை முடிஞ்சா வந்துகிட்டே இருக்கு. டெங்கு மாதிரி, டைபாய்டு மாதிரியே இருக்கும். அந்தப் புண்ணு கண்ணுல படலன்னா ஏமாந்துருவோம். நீங்க எந்த ஊரு?"

சொன்னேன்.

"உங்க ஊர்லயும் உண்டு. ரப்பர்த் தோட்டத்துல நிறைய பேருக்கு வந்திருக்கு."

எனக்குச் சட்டென்று நினைவு வந்தது. எங்கள் தோட்டத்தில் காட்டை வெட்டப் போனவர்கள் சிலர் காய்ச்சலில் விழுந்தார்கள். காட்டுப் பேய் அடித்தது என்று கோழி அறுத்தோம். அவர்கள் உடம்பை யாரும் தேடிப் பார்க்கவில்லை.

காதில் ரோலர் சத்தம் கேட்டதைச் சொன்னேன். இந்த நோய் காது நரம்பையும் தொந்தரவு செய்யும், இரைச்சல் கேட்கும் என்றார். செல்லம்மை அதைக் கேட்டுத் தலையசைத்தார். ஒருத்திக்கு ரோலரும் இன்னொருத்திக்குத் தையல் மெஷினும் கேட்டது ஏன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பிரேமாவைத் தீவிர சிகிச்சைக்குள் கொண்டுபோனார்கள். நான் வராந்தாவில் நின்று மணிகண்டனுக்கு அழைத்தேன். சொல்லாதே என்று பிரேமா சொன்னது அவர் உயிரோடு இருக்கும் கணக்கில்தான். எல்லாவற்றையும் சொன்னேன். அவனுக்குப் பின்னால் சட்டிகள் உருளும் சத்தமும் யாரோ ரொட்டி கேட்பதும் கேட்டது. "நான் டிக்கெட் பாக்கட்டா?" என்றான். "நாளைக்கு விடியட்டும்" என்றேன். அது எனக்கே ஒரு மாதிரியாகக் கேட்டது.

வராந்தாவில் கிடந்த அந்த நாட்களில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்தது. வருகிறவர் போகிறவரின் இடுப்பையும் கழுத்தையும் பார்க்கத் தொடங்கினேன். கழிவறையில் என் உடம்பையும் கண்ணாடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நானும் அந்த விளைக்குள் நின்றவன்தானே. காய்ச்சல் வர ஒன்றிரண்டு வாரம்கூட ஆகலாம், வந்தால் உடனே வாங்க என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பக்கத்தில் படுத்திருந்த ஒரு பெரியவர், "என்னவே, காணாம போனத தேடுகீரா?" என்று கேட்டார்.

செல்லம்மைக்கு ஆஸ்பத்திரி வாசலில் மட்டிப்பழம் வாங்கிக் கொடுத்தேன். வாழைப்பழம்தான், விரல் நீளம் இருக்கும், தேன் போல இனிக்கும். உரித்துக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் இருந்தார். "நான் என் கையால கழுவினேன். கண்ணால பாத்தேன்" என்றார் ஒருமுறை. அவ்வளவுதான்.

மருந்து ஏறிய இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. இறங்கியது திரும்ப ஏறவில்லை. மறுநாள் பிரேமாவின் மூக்கிலிருந்த குழாயை எடுத்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தபோது மெலிந்த குரலில், "ஷீட்டு அடிக்கது நிறுத்தியாச்சு மாமி" என்றார். செல்லம்மை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

வார்டுக்கு மாற்றிய பிறகு ஒரு சாயங்காலம் என்னைக் கடல் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள். கன்னியாகுமரிக்குப் போனேன். சூரியன் மறைவதைப் பார்க்க ஆட்கள் தரையெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். மேகம் மூடி ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் ஒரு குடும்பம் புல்லில் துணி விரித்துப் பிள்ளையைப் படுக்கவைத்திருந்தது. எழுந்திருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். பைத்தியம் என்று நினைப்பார்கள். சுண்டல் வாங்கித் தின்றுவிட்டுக் கடைசிப் பேருந்துக்கு முன்பே திரும்பினேன்.

பிரேமாவை வீட்டுக்கு அழைத்துவந்த அன்று ஆட்டோவை ரோட்டு வழியாகவே விடச் சொன்னார் செல்லம்மை. பிரேமாவைப் படுக்கவைத்துவிட்டு, வெளி அடுப்பில் பெரிய அண்டாவில் தண்ணீர் கொதிக்கவைத்தார். வீட்டிலிருந்த துணியெல்லாம் அதற்குள் போனது. பிரேமாவின் பாவாடைகளை இவ்வளவு காலமும் வாத்தியார் விளையின் வேலிப் புதரில்தான் உலர்த்தியிருக்கிறார்கள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "என்கூட வா மக்கா" என்றார்.

ராஜமணி வீட்டுக்குப் போனோம். வாசல் பக்கம் தையல் மெஷின் துணி மூடி இருந்தது. அவர் கொல்லையில் ஆட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். நாற்பது வயது, தாடி விட்டிருந்தார். ஆடு வசந்தா வளர்த்தது. பச்சைப் புல் கட்டின் மேல் தன் சட்டையைப் போட்டிருந்தார். அந்தப் புல் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. மேட்டுக்கு அந்தப் பக்கம் அறுத்த தடம் தெரிந்தது.

"பிரேமா வந்தாச்சா சித்தி? என்னவாக்கும் தீனம்?"

செல்லம்மை சொன்னார். புல், பூச்சி, பொருக்கு, மருந்து. எதையும் விடவில்லை. கடைசியாக, "வசந்தாவுக்கும் இருந்துச்சு. கக்கத்துல. நான் பாத்தேன். எனக்குத் தெரியல்ல" என்றார்.

ராஜமணி கையிலிருந்த புல்லைக் கீழே போடவில்லை. ஆடு அதை அவர் கையிலிருந்தே இழுத்துத் தின்றது.

"நொந்திருக்குமா?" என்று கேட்டார்.

"இல்ல மக்கா. அது நோவாது."

"அதான் அவ ஒண்ணும் பறையல்ல" என்றார். மேட்டின் பக்கம் பார்த்தார். "ஆட்டுக்கு நான்தான் புல்லறுக்க அனுப்புவேன். அவளுக்கு அந்த விளைக்குள்ள போவ பேடி, பயந்து சாவா. பாவாட கெட்டின மரத்த பாத்தா யாரோ நிக்கது மாதிரி இருக்குன்னு சொல்லுவா. நான் கேலி பண்ணுவேன்."

கிளம்பலாமா என்று செல்லம்மையைப் பார்த்தேன். அவர் நகரவில்லை.

"உனக்கு காய்ச்சல் உண்டா?"

"இல்ல சித்தி."

"வெயிலுக்கு வா. திரும்பி நில்லு."

"எதுக்கு?"

"நில்லுலே."

அவர் வெயிலில் வந்து நின்றார். செல்லம்மை அவருடைய கையைத் தூக்கி ஒரு கக்கத்தைப் பார்த்தார், பிறகு மற்றதை. காது மடலை மடக்கிப் பின்னால் பார்த்தார். தலைமுடியைப் பிரித்துப் பார்த்தார். முதுகில் உள்ளங்கையை வைத்து மெல்ல இறக்கிக்கொண்டே வந்து, வேட்டி மடிப்பை விரலால் தளர்த்தி இடுப்பைச் சுற்றிப் பார்த்தார். எந்த அவசரமும் இல்லாமல், ஓர் இடமும் விடாமல். ராஜமணி கண்ணை மூடிக்கொண்டு நின்றார். வசந்தாவைக் குளிப்பாட்டியதும் இதே கைதான், இதே வரிசையில்தான் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. ராஜமணிக்கும் தோன்றியிருக்க வேண்டும். தோள்கள் குலுங்கின.

"இன்னைக்கு ஒண்ணும் இல்ல" என்றார் செல்லம்மை. "நாளைக்கும் வருவேன்."

ராஜமணி சட்டையை எடுக்கக் குனிந்தார். செல்லம்மை அவர் கையைத் தட்டிவிட்டார். வேலியோரம் கிடந்த கம்பை எடுத்து, அதன் நுனியால் புல்கட்டின் மேலிருந்து சட்டையைத் தூக்கினார். கையை நீட்டித் தள்ளிப் பிடித்தபடி, சாய்ந்த நடையில் எங்கள் முற்றத்துக்கு நடந்தார். கம்பு நுனியில் அந்தச் சட்டை இரு கைகளையும் தொங்கவிட்டு ஆடிக்கொண்டே போனது. கொதிக்கும் அண்டாவுக்குள் அதைப் போட்டு, மேலே வந்த இடத்தையெல்லாம் கம்பால் அமுக்கினார். அது மறுபடியும் மேலே வந்தது. மறுபடியும் அமுக்கினார்.